வேறு குரல் கேட்டால்

மகிழினியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில் இருப்பாள் என்று நம்பி டீ வாங்கப் போனவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அவள் சன்னலோரம் நிற்பாள். இல்லையென்றால் மாடிப்படியில் இருப்பாள். அங்கேயும் இல்லையென்றால் கீழே வாட்ச்மேனோடு எதற்காவது மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அவளைப் பெற்ற பூவம்மாவே, "வயித்துல கீறப்பவே இவ ஒரு எடத்துல இருந்தது இல்ல" என்று வியாசர்பாடி ஹவுசிங் போர்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

சின்ன வயதில் அந்தத் துறுதுறுப்புக்குக் கால்பந்து மைதானம் கிடைத்தது. மற்றப் பெண்கள் எல்லாம் "பாஸு, பாஸு" என்று கத்துவார்கள். யாருக்கு, எந்தப் பக்கம் என்று பந்து வைத்திருப்பவளுக்கு எப்படித் தெரியும்? மகிழினி அப்படிக் கத்த மாட்டாள். "யசோதரா, திரும்பிப் பாக்காத, லெஃப்ட்ல ஆளு இல்ல, நேரா அடி!" என்பாள். அவள் காலில் பந்து இருந்த நேரத்தைவிட அவள் வாய் திறந்திருந்த நேரம்தான் அதிகம். ஆனாலும் அவள் சொன்னபடி அடித்தால் பந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் யாரும் அவள் வாயை மூடச் சொல்லவில்லை.

அந்த வாய்தான் பிற்பாடு சோறு போட்டது. திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் பெட்டிகளை இறக்கி அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் அவளுக்கு வேலை. முதலில் கேட்டில் உட்கார்ந்து வண்டி எண்களைக் கணினியில் ஏற்றினாள். பிறகு யார்டுக்கு ஓர் ஏஐ ஏஜென்ட் வந்தது. வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர்களைத் தானே போனில் கூப்பிட்டு, தமிழில் பேசி, யாருக்கு எப்போது கேட் திறக்கும் என்று சொல்வது அதன் வேலை. சாமர்த்தியமான ஏஜென்ட்தான். ஆனால் கையும் காலும் கிடையாது. பெட்டியைத் தேடுவது, முறை கொடுப்பது, நுழைவு அட்டையைச் சரிபார்ப்பது என்று ஒவ்வொரு காரியத்துக்கும் அதற்கு ஒரு டூல் கொடுத்திருந்தார்கள். எந்த டூலை எப்போது எடுப்பது என்பதை, அந்த டூலுக்கு எழுதி வைத்திருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் அது முடிவு செய்யும். வேறு வழி அதற்குத் தெரியாது.

சாஃப்ட்வேர் கம்பெனி எழுதிக் கொடுத்த விளக்கங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். "பெட்டி விவரம் பெறுதல்" என்று ஒன்று. என்ன விவரம், எந்தப் பெட்டி, எங்கே இருக்கிற பெட்டி? மைதானத்தில் "பாஸு, பாஸு" என்று கத்திய பெண்களின் நினைவுதான் மகிழினிக்கு வந்தது. ஏற்கெனவே வெளியே போய்விட்ட பெட்டியை உள்ளே இருப்பதாக ஏஜென்ட் சொல்ல, அதை நம்பி ஓர் ஓட்டுநர் வெயிலில் யார்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அலுவலக வாசலில் நின்று அனைவரின் பரம்பரையையும் இழுத்து வைத்துத் திட்டினார். அன்றைக்கு அவள் அந்த விளக்கத்தை, உட்காராமல் நின்றபடியே, தானாகவே மாற்றி எழுதினாள்.

"பெட்டி யார்டுக்குள் எந்த வரிசையில் இருக்கிறது என்று இது சொல்லும். கேட்டைத் தாண்டிய பெட்டியைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது, அப்போது இதை நம்பாதே. நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட பெட்டி எண் வேண்டும். ஓட்டுநர் வண்டி எண்ணைச் சொன்னால் நீயாக ஊகிக்காதே, திரும்பக் கேள்."

மேலாளர் ஜெனிஷ் அதைப் படித்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சட்டை கசங்காமல் வாழத் தெரிந்தவர். "கொள்ளாம் மகிழினி. இனி எல்லா டூலுக்கும் நீங்களே எழுதிருங்க" என்றார். அப்படித்தான் அவள் கேட்டிலிருந்து ஏசி அறைக்கு ஏறினாள். ஏசி அறையிலும் நடந்துகொண்டேதான் இருந்தாள்.

வினை ஒரு திங்கட்கிழமை வந்தது. யாரோ ஒருவன் இன்னொருவனுடைய நுழைவு அட்டையைக் காட்டி உள்ளே வந்து, தனக்குச் சம்பந்தமில்லாத பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தலைமை அலுவலகம் குதித்தது. ஆள்மாறாட்டம் செய்பவரின் அட்டையை உடனே நிறுத்த ஏஜென்ட்டுக்கு ஒரு டூல் கொடுத்தார்கள். அட்டை வாங்கும்போதே ஓட்டுநர்கள் பெயரைச் சொல்லிக் குரலைப் பதிந்திருந்ததால் குரலை ஒப்பிடுவதும் அதற்குச் சுலபம். "விளக்கம் மத்தியானத்துக்குள்ள வேணும்" என்றார் ஜெனிஷ்.

மகிழினி ஒரே வரி எழுதினாள்: "ஓட்டுநரின் போனில் வேறு குரல் கேட்டால், அவர் அட்டையையும் பேசியவர் அட்டையையும் நிறுத்து."

அதில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருந்தது. அது என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசை மணிக்கணக்கில் நிற்கும் அழகு இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்த வரிசையில் ஒருத்தரால் எவ்வளவு நேரம்தான் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார முடியும்? அதனால் அடுத்தடுத்து நிற்கும் மூன்று நான்கு பேர் ஒரு செட்டாகச் சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் விழித்திருப்பார். எல்லாருடைய போனும் அவர் மடியில் துண்டுக்குள் கிடக்கும். மற்றவர்கள் தூங்குவார்கள். யார் போன் அடித்தாலும் விழித்திருப்பவர் எடுத்து, "வண்டிலதான் சார் கீறேன்" என்பார். வரிசை நகர்ந்தால் கேபின் கதவைத் தட்டி எழுப்புவார். பிறகு முறை மாறும்.

இதெல்லாம் மகிழினி கேள்விப்பட்ட கதையல்ல. அவளுடைய அப்பா பீம்ராவ் டிரெய்லர் ஓட்டுநர். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவுக்குப் போன் போட்டால் பாதி நாள் அவர் செட்டில் இருந்த ஜேக்கப் மாமாதான் எடுப்பார். "நைனா தூங்கினுகீறான் கண்ணு, இன்னா வோணும் சொல்லு" என்பார். இரண்டாம் வகுப்பில் அவள் வாங்கிய முதல் பரிசைப் பற்றி முதலில் காதில் வாங்கியதும் ஜேக்கப் மாமாதான்.

இவ்வளவு தெரிந்தவள் ஏன் எழுதவில்லை? வெட்கம்தான், வேறென்ன. கசங்காத சட்டைகளுக்கு நடுவே நின்று, எங்கள் ஆட்கள் ஒருவர் பெயரில் ஒருவர் போன் பேசுவார்கள் என்று சொன்னால், கேட்பவர்கள் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். வியாசர்பாடி என்று விலாசம் சொன்ன உடனே போகிற அதே போக்கு. அதனால் வாயை மூடிக்கொண்டாள், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. ஜெனிஷ் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, "நறுக்குன்னு இருக்கு" என்றார். அவள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டாள்.

டூல் ஓடத் தொடங்க இரண்டு நாள் ஆனது, அதுவரை ஒன்றும் நடக்கவில்லை. அவள் மட்டும் போன் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றாள்.

அடுத்த நாள் அவளுக்கு மதிய ஷிப்ட். குழம்பு கொதிக்கும் நேரத்தில் வாசலில் பீம்ராவ் வந்து நின்றார். ஒரு கையில் டிபன் கேரியர். மறு கக்கத்தில் வண்டி கேபினில் கிடக்கும் அவருடைய தலையணை.

"இன்னாயா, தலகாணியத் தூக்கினு வந்துகீற?" என்றாள் பூவம்மா.

"கார்டு பிளாக்கு. கேட்டாண்ட போனா செவப்பு லைட்டு எரியுது. ஆள்மாறாட்டம் பண்ணேனாம்." அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் முறை பூவு. ஜேக்கப்பு, நீலமேகம், அந்தப் பையன் அஃப்ரித்து, மூணு பேரும் தூங்கினு இருந்தானுங்க. அந்த மெசினு ஒவ்வொரு போனா அடிச்சிது. நான் எடுத்தேன். எல்லாருக்கும் 'கீறேன்'னேன். நாலு பேர் கார்டும் போச்சு. கார்டு இல்லாத டிரைவர வெச்சினு நான் இன்னா பண்றதுன்னு ஓனரு சாவிய வாங்கிகினான்."

பிறகு மகளைப் பார்த்தார். "மகி, உங்க ஆபீஸ்தானே. அதுக்கு எவன் இப்டி சொல்லிக் குடுத்தான்னு கேட்டு வா. நான் வந்து அவங்கிட்ட ரெண்டு வார்த்த பேசணும்."

மகிழினி அடுப்பை அணைத்தாள். மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைத்தாள்.

"நான்தான் நைனா எழுதனேன்."

பீம்ராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையணையைக் கட்டில்மேல் வைத்தார். "நீயா? எழுதறப்போ நான் உன் நெனப்புக்கு வர்லியா?"

"வந்த நைனா. அதனாலதான் செட்டப் பத்தி எழுதல." அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "சொன்னா அசிங்கமா நெனப்பாங்கோன்னு வுட்டுட்டேன்."

அவர் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். அவர் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முகம் கழுவப் போனார். தூங்குகிற தோஸ்துக்காக விழித்திருந்ததைப் பெற்ற மகளே அசிங்கம் என்று நினைத்திருக்கிறாள் என்றால் ஒரு மனிதன் வேறு என்னதான் பேசுவான்?

மகிழினி சோறு தின்னாமல் கிளம்பினாள். ஷேர் ஆட்டோ தண்டையார்பேட்டையில் நெரிசலில் நின்றது. பொறுக்காமல் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். அவள் விட்டு இறங்கிய அதே ஆட்டோ அவளைத் தாண்டிப் போனது. கையைக் காட்டி ஓடி அதிலேயே மறுபடி ஏறினாள். "இன்னா மேடம், வாக்கிங்கா?" என்றார் ஓட்டுநர். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

ஜெனிஷ் பொறுமையாகக் கேட்டார். வரிசை, செட்டு, மடியில் கிடக்கும் போன்கள், அப்பா, தலையணை எல்லாவற்றையும் அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"அப்போ ஏஜென்ட் தப்பா ஒண்ணும் செய்யல. நீங்க எழுதுனத அப்படியே செஞ்சிருக்கு, இல்லியா?"

"ஆமா சார். அதனாலதான் என் வயிறு எரியுது. அது என்னை நம்பிச்சு."

"இத மேல சொன்னா, உங்க யார்டுல டிரைவருமாரு போன மாத்தி மாத்திதான் எடுப்பாங்களான்னு கேப்பாங்க."

"எடுப்பாங்கன்னு சொல்லுங்க சார். தூங்காம வந்து பெட்டிமேல மோதறதுக்கு இது தேவலன்னும் சொல்லுங்க."

ஜெனிஷ் நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் ஒரு பேரம் பேசினார். அவள் விளக்கத்தைத் திருத்தட்டும். சோதனைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். செட்டுக்காரர்களை விட வேண்டும், திருட்டு அட்டையைப் பிடிக்க வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் நான்கு அட்டைகளையும் அவரே திறந்துவிடுவார், மேலேயும் அவரே பேசிக்கொள்வார். வராவிட்டால் டூல் இப்படியே இருக்கும், அட்டைகளும் இப்படியே இருக்கும்.

மகிழினி உட்கார்ந்தாள், எழுந்தாள், எழுதினாள். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். வெயில், வரிசை, தூக்கம், முறை வைத்துக் கண்ணயர்வது, ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நியாயம். படித்தால் யாருக்கும் மனம் இளகும். ஏஜென்ட்டுக்கும் இளகிவிட்டது. சோதனைக்காக, அஃப்ரித்தின் அட்டையோடு கேட்டுக்கு வந்து நிற்கும் ஓர் அந்நியனை ஜெனிஷ் திரையில் உருவாக்கினார். "உண்மையான ஓட்டுநர் ஓய்வில் இருக்கலாம்" என்று சொல்லி, ஏஜென்ட் அவனை மரியாதையாக உள்ளே விட்டது.

"இரக்கம் கூடிப் போச்சு" என்றார் ஜெனிஷ்.

அவள் அறையை விட்டு வெளியேறி கேட் வரைக்கும் நடந்தாள். அங்கே ஒரு டிரெய்லர் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கினார், கேமராவுக்கு முகத்தைக் காட்டினார், அட்டையை வைத்தார், ஏறிப் போனார். அடுத்த வண்டியிலும் அதேதான். தினமும் பார்க்கிற காட்சிதான். அவள் அங்கேயே நின்று இன்னும் சில வண்டிகளைப் பார்த்தாள். போனை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் எந்தச் செட்டுக்காரனும் அடுத்தவன் வண்டியைக் கேட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வர மாட்டான், எழுப்பித்தான் விடுவான். அப்பாவுக்கு எவ்வளவு காய்ச்சல் இருந்தாலும் ஜேக்கப் மாமா எழுப்பித்தான் விட்டிருக்கிறார். இவ்வளவு நேரம் அவள் குரலையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டியது ஸ்டீயரிங்கில் யார் இருக்கிறார்கள் என்பதை.

ஓடி வந்து எழுதினாள்.

"இது ஓட்டுநரின் நுழைவு அட்டையை நிறுத்தும். போனில் வேறு குரல் கேட்டால் இதை எடுக்காதே. வரிசையில் ஒருவர் விழித்திருந்து பலருக்காகப் பதில் சொல்வது இங்கே வழக்கம், அது ஏமாற்று அல்ல. யார் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள். கேட்டில் அட்டையும் முகமும் பொருந்தாதபோது மட்டும் இதை நினை. அப்போதும் கேட்டில் இருக்கும் ஆளைக் கேட்காமல் செய்யாதே. நிறுத்தியதை உன்னால் திரும்பக் கொடுக்க முடியாது. அட்டை நின்றால் அந்த மனிதருடைய வேலை நிற்கும்."

ஜெனிஷ் திரையில் அந்நியனை மறுபடி கொண்டுவந்தார். ஏஜென்ட் அவனை நிறுத்தி வைத்துவிட்டு, கேட் ஆளைக் கூப்பிட்டது. செட்டைக் கொண்டுவந்தார். யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்டது, குறித்துக்கொண்டது. வேறு வேறு விதமாகக் குழப்பிப் பார்த்தார். அது குழம்பவில்லை. அப்புறம் நான்கு அட்டைகளையும் திறந்துவிட்டு, மேலே போன் போட்டார். "ஆமா சார், இங்க டிரைவருமாரு அப்படித்தான்" என்று அவர் சொல்வது வராந்தா வரைக்கும் கேட்டது. கசங்காத சட்டைக்குள்ளும் மனுஷன்தான் இருந்தான்.

மறுநாள் காலை பீம்ராவ் தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓனர் சாவியைத் திருப்பிக் கொடுத்திருந்தார். வீட்டில் யாரும் நேற்றைய பேச்சை எடுக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு மகிழினி அவருக்குப் போன் போட்டாள். ஜேக்கப் மாமாவின் குரலை எதிர்பார்த்துத்தான் போட்டாள். முதல் மணியிலேயே அப்பாவே எடுத்தார்.

"சொல்லு."

"தூங்கலியா நைனா?"

"தூங்கல. அவனவன் போன் அவனவங்கிட்ட கீது. இன்னாத்துக்கு பேஜாரு?"

"மாத்தி எழுதிட்டேன் நைனா. இப்ப எடுத்தா ஒண்ணும் ஆவாது."

"நீ எழுதுவ. அது இன்னா நெனைக்குமோ" என்றார். குரல் கரகரத்தது. போனை வைத்துவிட்டார்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சரியாக எழுதியாகிவிட்டது, சோதித்தாகிவிட்டது, அட்டை திறந்தாகிவிட்டது. ஆனால் வரிசையில் நான்கு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, சட்டைப் பையில் போனைப் பிடித்தபடி விழித்திருக்கிறார்கள். திரையில் சரியாக வந்ததை அவர்கள் எதற்கு நம்ப வேண்டும்? அவள் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தாள்.

வரிசை நீளமாக நின்றது. ஒரு பக்கம் கடல் காற்று, மறு பக்கம் லாரிப் புழுதி. அப்பாவின் வண்டியைக் கண்டுபிடித்து, கம்பியைப் பிடித்துக் கேபினுக்குள் ஏறினாள். பீம்ராவின் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"போனைக் குடு நைனா."

"எதுக்கு?"

"நீ தூங்கு. நான் எடுக்கறேன்."

"கார்டு போச்சுன்னா?"

"போச்சுன்னா நானும் வேலைய வுட்டுட்டு வூட்ல குந்திக்கறேன். குடு."

அவர் கொடுத்தார். மகளை நம்பிக் கொடுத்தாரா, தூக்கம் தாங்காமல் கொடுத்தாரா, அது அவருக்கே தெரியாது. சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் படுத்தார், ஆனால் கண்ணை மூடவில்லை. முன் வண்டியிலிருந்து ஜேக்கப் இறங்கி வந்து கீழே நின்றார். நீலமேகமும் அஃப்ரித்தும் வந்தார்கள். எல்லார் கண்ணும் அந்தப் போன்மேல் இருந்தது.

போன் அடித்தது. யார்டின் எண்.

"வணக்கம். பீம்ராவ் அவர்களா?"

மகிழினி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். இது சோதனைத் திரை இல்லை. "இல்ல. அவரு பொண்ணு பேசறேன். அவரு வண்டியிலதான் தூங்கறாரு."

 பதில் வருவதற்குள் அவள் தன் வரிகளை முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் ஒரு தடவை படித்துவிட்டாள்.

"சரி. அவருக்காக நீங்கள் பேசுவதாகக் குறித்துக்கொண்டேன். முறை வர இன்னும் நேரம் இருக்கிறது. முறை வரும்போது கேட்டுக்கு அவரையே வரச் சொல்லுங்கள்."

அஃப்ரித் தன் போனில் யார்டின் பக்கத்தைத் திறந்து பீம்ராவின் அட்டையைத் தேடினான். "பச்சதான் கீதுக்கா" என்றான்.

"இன்னா சொல்ச்சு?" என்றார் பீம்ராவ், படுத்தபடியே.

"உன்னைத் தூங்கச் சொல்ச்சு."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேபினின் பின்பக்கமாகப் புரண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

ஜேக்கப் சன்னல் வழியாகக் கையை நீட்டித் தன் போனை அவள் மடியில் வைத்தார். "இட்லி கடக்காரன் கூப்டா மட்டும் எடுக்காத கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போனார். நீலமேகம் வைத்தார். அஃப்ரித்தும் வைத்தான். மகிழினி நான்கு போன்களையும் அப்பாவின் துண்டுக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முன் வண்டி நகரும் வரைக்கும் அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.